தாலியும் பதிவேடும்: தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே மணமுறிவும் மனைவி மக்கள் பராமரிப்புரிமையும்

1. முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழரின் மணவாழ்க்கையைப் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை சடங்குகளைப் பற்றியவை. தாலி, மணவறை, சீர்வரிசை, புரோகிதர், பந்தல் ஆகியவை எந்தெந்த நாட்டில் எவ்வாறு மாறின என்பதை அவை விரிவாகக் கூறுகின்றன. மணம் முறிந்தபின் மனைவியும் பிள்ளைகளும் எதைக்கொண்டு வாழ்ந்தனர் என்னும் வினா அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. ஆயினும் ஒரு நாட்டின் சட்டம் ஒரு சமூகத்தின் மணத்தை உண்மையில் ஏற்றுக்கொண்டதா என்பதை அறிய, மணம் முடிந்த நாளைவிட அது முறிந்த நாளே தக்க உரைகல்லாகும்.

மணமுறிவின்போதோ பிரிவின்போதோ ஒருவர் மற்றவருக்கு அளிக்கவேண்டிய வாழ்க்கைச் செலவைத் தமிழ்நாட்டார் ஜீவனாம்சம் என்பர். இலங்கைத் தமிழில் அது தாபரிப்பு. சிங்கப்பூரில் பராமரிப்புத்தொகை என்னும் வழக்கு உண்டு. தென்னாப்பிரிக்கப் பேச்சுவழக்கில் பிள்ளைக்குரிய தொகைக்குப் 'பாப்கெல்ட்' என்னும் ஆப்பிரிக்கான்ஸ் சொல் வழங்குகிறது. கூழுக்கான பணம் என்பது அதன் நேர்ப்பொருள். இக்கட்டுரையில் மனைவிக்குரியதும் பிள்ளைக்குரியதும் பராமரிப்பு என்னும் பொதுச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றன.

தென்னாப்பிரிக்கத் தமிழரின் பராமரிப்புரிமை வரலாற்றை 1860ஆம் ஆண்டு தொடங்கி 2024ஆம் ஆண்டு வரை தொடர்ந்து நோக்கும்போது ஒரு வரிசைமுறை புலனாகிறது. கோயிலில் அல்லது வீட்டில் தாலி கட்டி, அரசுப் பதிவேட்டில் பெயர் எழுதப்படாத ஒரு தமிழ்ப்பெண்ணின் குடும்பத்தில், சட்டம் முதலில் பிள்ளையை ஏற்றது. பின்னர் விதவையை ஏற்றது. கணவன் உயிரோடிருக்கப் பிரிந்து நிற்கும் மனைவியை இன்றுவரை முழுமையாக ஏற்கவில்லை. இவ்வரிசை எவ்வாறு உருவாயிற்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஒப்பந்தக் காலமும் பதிவேட்டின் தோற்றமும்

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தமிழரும் தெலுங்கருமாவர். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்னும் விகிதம் விதிக்கப்பட்டிருந்ததால், கரும்புத் தோட்டங்களில் பெண்களின் தொகை எப்போதும் குறைவாகவே இருந்தது. ஆணுக்கு முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. கணவனால் கைவிடப்பட்ட ஒருத்தி, பிள்ளைகளுடன் அந்த அரைக்கூலியில் வாழவேண்டிய நிலை இருந்தது என்பதை மனத்திற்கொண்டால்தான் பராமரிப்பு என்பது எவ்வளவு அடிப்படையான தேவை என்பது விளங்கும்.

ஊரில் இத்தகைய நிலையில் பெண்ணுக்குப் பிறந்தவீடு இருந்தது. தாய்மாமன், உடன்பிறந்தான், ஊர்ப்பெரியவர்கள், சாதிப் பஞ்சாயத்து என்னும் அமைப்புகள் கணவனைத் தட்டிக்கேட்டன. அவை எப்போதும் பெண்ணுக்கு நீதி வழங்கின என்று சொல்ல இயலாது. ஆயினும் முறையிடுவதற்கு ஓர் இடம் இருந்தது. கடல் கடந்து வந்தபின் அந்த உறவுவலை அறுந்தது. அதன் இடத்தில் வந்து அமர்ந்தவர் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்னும் அரசு அலுவலர். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்படுத்தப்பட்ட இப்பதவி, தொழிலாளரின் கூலி வழக்குகளை மட்டுமன்றி மண வழக்குகளையும் கவனித்தது. 1891ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளரின் திருமணங்கள் பாதுகாவலரிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என விதித்தது.

தமிழரின் மணம் பதிவேட்டோடு பிணைக்கப்பட்டது இவ்வாறே. பதிவேட்டை ஏற்படுத்திய அரசின் நோக்கம் யார் யாருக்கு மனைவி என்பதைத் தோட்ட நிருவாகத்துக்கும் நீதிபதிக்கும் தெளிவாக்குவதே. மணமக்களின் பார்வையில் மணம் தாலியால் நிறைவுற்றது. அலுவலகத்துக்குச் சென்று பெயர் எழுதுவது அதற்குப் புறம்பான ஒரு செயல். இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலான இடைவெளியே பிற்காலச் சிக்கல்கள் அனைத்துக்கும் தோற்றுவாய்.

கைவிடப்பட்ட மனைவியரையும் பிள்ளைகளையும் காக்கும் சட்டங்கள் கேப் குடியேற்றத்தில் 1895இலும் நேட்டாலில் 1896இலும் இயற்றப்பட்டன. கடமை தவறிய கணவனை நீதிபதியின் முன் நிறுத்தி, மனைவி மக்களுக்குப் பணம் செலுத்தச் செய்வது இத்தகைய சட்டங்களின் முறை. ஆனால் அவற்றில் 'மனைவி' என்னும் சொல் சட்டம் ஏற்ற மனைவியையே குறித்தது. பதிவேட்டில் பெயரில்லாதவள் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை.

3. 1913: ஒரு தீர்ப்பும் ஒரு போராட்டமும்

1913 மார்ச் 14 அன்று கேப் உயர் நீதிமன்ற நீதிபதி சியர்ல் வழங்கிய தீர்ப்பு, பன்மணத்தை அனுமதிக்கும் சமயம் ஒன்றின் முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது எனக் கூறியது. அவ்வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணின் குடிவரவைப் பற்றியது. எனினும் அதன் விளைவு இந்துத் திருமணங்களையும் தாக்கிற்று. ஒரே நாளில் பல்லாயிரம் இந்திய மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். அவர்தம் பிள்ளைகள் முறைபிறவாப் பிள்ளைகளாயினர்.

இதனை எதிர்த்து எழுந்த சத்தியாக்கிரகத்தில் தமிழ்ப்பெண்களின் பங்கு நன்கறியப்பட்டது. டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், அவர்களுள் பெரும்பாலோர் தமிழர், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். அவர்கள் 1913 அக்டோபரில் கைதாயினர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில் 1914 பிப்ரவரி 22 அன்று தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்தார். 3 பவுன் தலைவரியை நீக்குதல், திருமணங்களை ஏற்றல் ஆகிய இரண்டும் அப்போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கைகள்.

இப்போராட்டம் பொதுவாகப் பெண்களின் மானத்தைக் காக்க நிகழ்ந்ததாகவே நம் நூல்களில் எழுதப்படுகிறது. அது உண்மையே. ஆனால் மானத்தோடு வாழ்வாதாரமும் அதில் அடங்கியிருந்தது என்பதைச் சேர்த்துக் கூறவேண்டும். சட்டப்படியான மனைவி என்னும் நிலையை இழந்தவள் குடிவரவுரிமையை மட்டும் இழப்பதில்லை. கணவனிடம் உணவும் உறைவிடமும் கேட்கும் உரிமையையும், அவன் சொத்தில் பங்கு கேட்கும் உரிமையையும் இழக்கிறாள்.

சாலமன் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து 1914ஆம் ஆண்டின் 22ஆம் எண் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய சமயங்களின் குருமாரைத் திருமண அலுவலராக நியமிக்க அது வழிசெய்தது. ஏற்கெனவே சமயமுறைப்படி மணந்து ஒருதார வாழ்க்கை நடத்தும் இணையர், இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால், அவர்களது மணத்தைச் சட்டப்படியான மணமாகப் பதியவும் வழிசெய்தது. இது பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இச்சட்டம் தமிழ் மணத்தை மணம் என்னும் காரணத்தால் ஏற்கவில்லை; பதிவு செய்யப்பட்ட மணத்தையே ஏற்றது. பதிவுக்கு இருவர் இசைவும் வேண்டியிருந்ததால், கணவன் இசையாவிடில் மனைவிக்கு வழியில்லை. இன்முகத்தோடு வாழும் காலத்தில் பதிவு தேவையற்றதாகத் தோன்றும். பிணக்கு நேர்ந்து அது தேவைப்படும் காலத்தில் கணவனின் ஒப்புதல் கிட்டாது.

4. பதிவு பெற்ற மனைவியின் உரிமை

தென்னாப்பிரிக்காவின் பொதுச்சட்டம் ரோமானிய-டச்சு மரபைச் சார்ந்தது. அதன்படி மணத்தில் இணைந்த இருவரும் ஒருவரையொருவர் பேணும் கடமை உடையவர். இக்கடமை மணம் நிலவும் வரைக்குமே உரியது. மணமுறிவோடு அது முடிவடையும். மணமுறிவுக்குப் பின்னும் பராமரிப்பு வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது 1953ஆம் ஆண்டின் 37ஆம் எண் சட்டம். குற்றம் புரிந்தவர் குற்றமற்றவருக்குப் பராமரிப்புத்தொகை செலுத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை.

1979ஆம் ஆண்டின் 70ஆம் எண் மணமுறிவுச் சட்டம் இவ்வடிப்படையை மாற்றிற்று. மணம் மீட்கவியலாதபடி சிதைந்துவிட்டது என்பதே முறிவுக்குப் போதிய காரணமாயிற்று. அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு பராமரிப்பைத் தீர்மானிக்கும் முறையை வகுக்கிறது. இருவரும் எழுத்தில் உடன்பட்டிருந்தால் நீதிமன்றம் அவ்வுடன்பாட்டையே ஆணையாக்கலாம். உடன்பாடு இல்லையெனில், இருவரின் இப்போதைய வருவாய், எதிர்பார்க்கத்தக்க வருவாய், ஈட்டும் திறன், பணத்தேவைகள், கடப்பாடுகள், வயது, மணவாழ்க்கையின் நீளம், முறிவுக்கு முன் வாழ்ந்த வாழ்க்கைத்தரம், மணச் சிதைவுக்குத் தொடர்புடைய நடத்தை ஆகியவற்றை நீதிமன்றம் கருத்திற்கொள்ளும். ஒருவருக்கு வழங்கப்படும் தொகை, அவர் இறக்கும்வரையோ மறுமணம் செய்துகொள்ளும்வரையோ, நீதிமன்றம் குறிக்கும் காலம்வரையோ தொடரும். சூழ்நிலை மாறினால் ஆணையை மாற்றவோ நீக்கவோ 8ஆம் பிரிவு இடந்தருகிறது. கணவனும் மனைவியிடம் பராமரிப்புக் கோரலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

இதே சட்டத்தின் 6ஆம் பிரிவு பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளைகளின் நலனுக்கு மனநிறைவளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என நீதிமன்றம் உறுதிகொள்ளும்வரை மணமுறிவு ஆணை வழங்கப்படாது. பெற்றோரின் பிணக்கில் பிள்ளையின் உணவும் கல்வியும் மறக்கப்படாமல் இருக்க நீதிபதியையே காவலராக நிறுத்தும் ஏற்பாடு இது.

மேற்கூறிய காப்புகள் எல்லாம் பதிவு பெற்ற மணத்துக்கே உரியவை. மணமுறிவுச் சட்டத்தின் வாயிலில் நிற்கத் திருமணச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத தமிழ் மனைவிக்கு முறிப்பதற்கு ஒரு மணமே இல்லை என்பது சட்டத்தின் நிலைப்பாடாக இருந்தது.

இந்நிலைப்பாட்டை உயர் நீதிமன்றங்கள் நெடுங்காலம் காத்துவந்தன. பன்மணத்துக்கு இடந்தரும் மணமுறைகள் பொது ஒழுக்கத்துக்கு முரணானவை என்னும் கோட்பாட்டை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1917இல் உறுதிசெய்தது. 1983ஆம் ஆண்டிலும் அதே நீதிமன்றம், முஸ்லிம் முறைப்படி மணந்து பிரிந்த ஒரு மனைவி நிலுவைப் பராமரிப்புத்தொகை கேட்டு வந்த வழக்கில் அதே கோட்பாட்டைப் பின்பற்றி அவர் கோரிக்கையை மறுத்தது. கணவனுக்கு ஒரு மனைவிதான் இருந்தாள் என்பது பொருட்படுத்தப்படவில்லை. இன்னொருத்தியை மணக்க அவன் சமயம் இடந்தரும் என்பதே போதுமானதாயிற்று. மரபுவழி இந்துத் திருமணங்களும் இக்கோட்பாட்டுக்கு உட்பட்டவையாகவே கருதப்பட்டன.

5. பிள்ளையின் உரிமை

பெற்றோரின் மணத்தை ஏற்காத சட்டம் பிள்ளையின் பசியை ஏற்றது. தந்தை, தாயை மணந்தவனாயினும் மணக்காதவனாயினும், தன் பிள்ளையைப் பேணக் கடமைப்பட்டவன் என்பது ரோமானிய-டச்சுச் சட்டத்தின் பழைய நெறி. ஆகவே பதிவில்லாத தமிழ் மணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பராமரிப்புக் கேட்டுத் தாய் நீதிமன்றத்தை நாட இயன்றது. ஆனால் அதற்கு அவள் கொடுத்த விலை ஒன்று உண்டு. தாலி கட்டி, உறவினர் முன்னிலையில் மணந்து பெற்ற தன் பிள்ளையை, மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளை என்னும் சட்டப்பெயரால் அவள் அழைக்கவேண்டியிருந்தது. தொகையைப் பெறுவதற்குத் தன் மணத்தையே மறுக்க வேண்டிய நிலை அது.

1963ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1998ஆம் ஆண்டின் 99ஆம் எண் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைக்கான வழக்கை எளிமையாக்கின. கீழ்நிலை நீதிமன்றம் ஒவ்வொன்றும் பராமரிப்பு நீதிமன்றமாகச் செயற்படுகிறது. அங்குள்ள பராமரிப்பு அலுவலரிடம் தாய் நேரடியாக முறையிடலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பிள்ளையைப் பேணும் கடமை தாய் தந்தை இருவருக்கும் உரியது. அவரவர் வசதிக்கேற்ப அது பகிரப்படும். உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவை அதில் அடங்கும். பிள்ளை மணத்துக்குள் பிறந்ததா புறம்பே பிறந்ததா என்பது கருத்திற்கொள்ளப்படாது.

இக்கடமை பிள்ளைக்கு 18 வயது நிறைந்தவுடன் தானாக முடிவதில்லை. பிள்ளை தன்னைத் தானே பேணிக்கொள்ளும் நிலையை அடையும்வரை நீள்கிறது. இங்கு மலேசியாவோடு ஓர் ஒப்பீடு பயனுள்ளது. தமிழர் பெருந்தொகையாக வாழும் அந்நாட்டில், முஸ்லிம் அல்லாதாரின் மணமுறிவை ஆளும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிள்ளைப் பராமரிப்பு ஆணை பொதுவாக 18 வயதோடு முடியும். உயர்கல்வி பயிலும் பிள்ளைக்கு அது நீளுமா என்னும் வினாவில், நீளாது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே உயர்கல்வி முடியும்வரை பராமரிப்புப் பெற வழி பிறந்தது. பிள்ளைகளின் படிப்பையே குடும்பத்தின் மீட்சியாகக் கருதும் தோட்டத் தமிழர் வழிவந்தோருக்கு இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெற்றோரால் இயலாதபோது தாத்தா பாட்டியரும் பேரப்பிள்ளைகளைப் பேணக் கடமைப்பட்டவர் என்பது தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் மற்றொரு கூறு. முன்னர், மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்குத் தாய்வழித் தாத்தா பாட்டியர்மீது மட்டுமே இவ்வுரிமை இருந்தது. 2004இல் வெளியான கேப் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தந்தைவழித் தாத்தா பாட்டியருக்கும் அக்கடமையை விரித்தது. கூட்டுக்குடும்ப மரபுடைய தமிழருக்குப் புதுமையாகத் தோன்றாத ஒரு கருத்தைச் சட்டம் காலந்தாழ்த்தி வந்தடைந்தது எனலாம்.

ஆணை பெறுவது ஒன்று. பணம் கைக்கு வருவது வேறொன்று. செலுத்தத் தவறியவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும், சொத்தைக் கைப்பற்றவும், குற்ற வழக்குத் தொடரவும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் வழிதருகிறது. 2002 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பராமரிப்பு நீதிமன்றங்கள் திறம்படச் செயற்படாதபோது அச்சுமை பெரிதும் பெண்கள் மீதே விழுகிறது என்பதை வெளிப்படையாகக் கூறி, இதைப் பாலினச் சமத்துவத்தோடு தொடர்புபடுத்திற்று. 2015ஆம் ஆண்டின் திருத்தம், தவறியவரின் விவரங்களைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பவும் இடமளித்தது.

6. விதவையின் உரிமை

1994க்குப் பின் வந்த அரசமைப்புச் சட்டம் சமத்துவத்தை அடிப்படை உரிமையாக்கியது. சமய மரபுகளின்படி நடந்த மணங்களை ஏற்கும் சட்டங்கள் இயற்றப்படலாம் என்பதையும் அதன் 15ஆம் பிரிவு தெளிவாகக் கூறிற்று. நாடாளுமன்றம் இதைப் பயன்படுத்தத் தயங்கிய காலத்தில் நீதிமன்றங்கள் முன்னே சென்றன. ஆனால் அவை முதலில் வந்துசேர்ந்தது விதவையின் வழக்குகளிலேயே.

1999இல் தலைமை நீதிபதி இஸ்மாயில் முகமது அமர்ந்த உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், முஸ்லிம் முறைப்படி மணந்த கணவனை விபத்தில் இழந்த மனைவிக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. கணவன் உயிரோடிருந்திருந்தால் அவளைப் பேணியிருப்பான். அக்கடமை சட்டம் காக்கத் தக்கது என்பது அதன் தருக்கம். 2004இல் அரசமைப்பு நீதிமன்றம், உயில் எழுதாது இறந்தவரின் சொத்துரிமை பற்றிய 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும், உயிரோடிருக்கும் துணைவரின் பராமரிப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வரும் 'துணைவர்' என்னும் சொல் ஒருதார முஸ்லிம் மணத்தில் வாழ்ந்தவரையும் குறிக்கும் என்றது.

இந்துத் திருமணத்தைப் பற்றிய தீர்ப்பு டர்பன் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் வெளியான அது, இந்து முறைப்படி மணந்து பதிவு செய்யாத ஒருதார மணத்தில் கணவனை இழந்த மனைவிக்கும் அவன் சொத்தில் வாரிசுரிமை உண்டு என்றது. சடங்குவழி இந்து மணத்துக்குப் பதிவின்றியே சட்டப்பயன் கிட்டச்செய்த சிறப்பு அதற்கு உண்டு.

7. பிரிந்த மனைவியின் நிலை

கணவன் இறந்தால் மனைவி. கணவன் பிரிந்தால் யாருமல்லள் என்னும் முரண் இவ்வாறு தோன்றிற்று. அதே டர்பன் நீதிமன்றத்திலிருந்து 2007இல் வெளியான மற்றொரு தீர்ப்பு இதற்குச் சான்று. இந்துச் சடங்குகளின்படி மணந்து, பதிவு செய்யாது வாழ்ந்த ஒரு பெண், தம் மணத்தைச் சட்டப்படியானதாக அறிவித்து மணமுறிவு வழங்குமாறு வேண்டினார். நீதிமன்றம் மறுத்தது. இந்துக்கள் தம் சமயமுறையிலேயே மணந்து பதிவும் செய்துகொள்ளச் சட்டம் வழிதந்திருக்கிறது. அவ்வழியைப் பயன்படுத்தாதவர் பிறகு வந்து முறையிட இயலாது என்பது அதன் போக்கு.

இத்தருக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எந்த இந்திய சமயத்தின் குருவையும் திருமண அலுவலராக நியமிக்க இடந்தருகிறது. அத்தகைய குருக்கள் பலர் தமிழர் கோயில்களில் உள்ளனர். எனினும் பதிவு செய்வதா வேண்டாவா என்பதை மணப்பெண் தனியே முடிவு செய்ய இயலாது என்பதை அத்தருக்கம் கருத்திற்கொள்ளவில்லை. தாலி ஏறியபின் மணம் நிறைவுற்றது என்னும் நம்பிக்கை ஒருபுறம். மணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதாவிடில் பதிவு பெற்ற மணத்தில் இருவர் சொத்தும் பொதுவாகிவிடும் என்னும் சட்டநிலை மறுபுறம். கடை, நிலம் வைத்திருக்கும் குடும்பங்களைப் பதிவைத் தள்ளிப்போடத் தூண்டவல்லது அது. தள்ளிப்போடுவதால் இழப்பு யாருக்கு என்பது முறிவு நேரும்போதே தெரியும்.

இதற்கு மாற்றாகச் சில வாயில்களும் திறந்தன. 1998ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் மற்றொருவரைப் பேணும் சட்டக்கடமை எவ்வகை உறவிலிருந்து தோன்றினும் பொருந்தும் எனக் கூறுகிறது. இதனைக்கொண்டு, முஸ்லிம் முறைப்படி மணந்த மனைவிக்குப் பராமரிப்புத்தொகை உண்டு எனப் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று 2005இல் வெளிவந்தது. இதே நெறி இந்து மனைவிக்கும் பொருந்தும் என வாதிடலாம். ஆயினும் அது பேணும் கடமையைப் பற்றியதே. சொத்துப் பகிர்வும் முறையான மணமுறிவும் அதில் அடங்கா.

2022 ஜூன் 28 அன்று அரசமைப்பு நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. முஸ்லிம் முறைப்படி நடந்த மணங்களை ஏற்காத திருமணச் சட்டமும் மணமுறிவுச் சட்டமும் சமத்துவம், மாண்பு, நீதிமன்றத்தை நாடும் உரிமை, பிள்ளைகளின் நலன் ஆகியவற்றை மீறுகின்றன என்றது. அதன் விளைவாக 2024இல் இயற்றப்பட்ட மணமுறிவுத் திருத்தச் சட்டம், முஸ்லிம் மணங்களை மணமுறிவுச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. பதிவில்லாத முஸ்லிம் மனைவி இனி மணமுறிவு கோரலாம், பராமரிப்பும் கேட்கலாம், பிள்ளைகளின் நலனை நீதிமன்றம் உறுதிசெய்யும். இது பல்லாண்டுக்காலம் முஸ்லிம் பெண்கள் அமைப்பாகத் திரண்டு நடத்திய வழக்காடலின் பயன். 1913இல் ஒரே தீர்ப்பால் வீழ்த்தப்பட்ட இரு சமூகத்துப் பெண்களுள் ஒரு சாரார் இவ்வாறு மீட்சி பெற்றனர். திருத்தச் சட்டத்தின் சொற்கள் முஸ்லிம் மணத்தை மட்டுமே குறிப்பதால், கோயிலில் மணந்து பதிவு செய்யாத தமிழ் இந்துப்பெண் அதற்கு வெளியே நிற்கிறாள்.

8. ஓர் ஒப்பீடு: தமிழ்நாட்டின் அனுபவம்

நடந்து முடிந்த மணங்களைப் பின்னோக்கி ஏற்பது சட்டத்துக்கு இயலாத செயலன்று. தமிழ்நாட்டு வரலாறே இதற்குச் சான்று. புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அத்தகைய மணங்களில் வாழ்ந்த பெண்களின் ஜீவனாம்ச உரிமையும் வாரிசுரிமையும் இதனால் ஐயத்துக்கு உள்ளாயின. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் நிறைவேற்றிய இந்துத் திருமணத் திருத்தச் சட்டம் 7அ என்னும் பிரிவைச் சேர்த்து, அம்முறையில் இனி நடப்பவற்றை மட்டுமன்றி ஏற்கெனவே நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது.

தமிழ்நாட்டில் சடங்கு இல்லாமையால் மணம் செல்லாதாயிற்று. தென்னாப்பிரிக்காவில் சடங்கு மட்டுமே இருந்தமையால் செல்லாதாயிற்று. காரணங்கள் எதிரெதிரானவை, இழந்தவள் இரண்டிடத்தும் பெண்ணே. இரண்டிடத்தும் வினா ஒன்றுதான்: மக்கள் மணம் என்று அறிந்து வாழ்ந்ததை அரசு மணம் என்று ஏற்குமா? 1967இல் சென்னையும் 2024இல் கேப் டவுனும் அவ்வினாவுக்கு ஆம் என விடையளித்துள்ளன. தென்னாப்பிரிக்க இந்து மணத்துக்கும் அதே விடையை அளிப்பதற்குக் கொள்கையளவில் தடையில்லை.

9. முடிவுரை

தென்னாப்பிரிக்கத் தமிழரின் பராமரிப்புரிமை வரலாறு, பதிவேடு என்னும் ஒரே கருவியைச் சுற்றி அமைந்துள்ளது. 1891இல் நிருவாகத் தேவைக்காக வந்த பதிவேடு, 1914இல் உரிமையின் வாயிலாகவும், அதன்பின் உரிமையற்றோரைத் தடுக்கும் மதிலாகவும் ஆயிற்று. அம்மதிலைப் பிள்ளை முதலில் கடந்தது. எந்தச் சட்டமும் அதன் பசியைத் தாயின் சான்றிதழோடு கட்டிவைக்கத் துணியவில்லை. விதவை அடுத்துக் கடந்தாள். இறந்தவனோடு அவள் வாழ்ந்த வாழ்வை மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிரிந்த மனைவி மட்டும் எஞ்சி நிற்கிறாள். அவள் எதிரே உயிரோடிருக்கும் கணவன் நிற்பதும், 'நீ பதிந்திருக்கலாமே' என்னும் விடை எளிதாயிருப்பதும் இதற்குக் காரணங்கள்.

இந்நிலையில் இரு பணிகள் முன்னுள்ளன. முதலாவது ஆய்வுப்பணி. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலக ஆவணங்களைக் கப்பற்பட்டியல்களுக்காகவும் மரபுவழித் தேடலுக்காகவும் நாடுவோர் பலர். கைவிடப்பட்ட பெண்களின் முறையீடுகளுக்காகவும் அவை படிக்கப்பட வேண்டும். மணம் எவ்வாறு முறிந்தது, பெண் எதைக் கேட்டாள், எது கொடுக்கப்பட்டது என்பதைத் தமிழர் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதியாக எழுதவேண்டும்.

இரண்டாவது, கோயில்களும் தமிழ் அமைப்புகளும் இன்றே செய்யத்தக்க பணி. தாலி கட்டப்படும் மணவறையிலேயே பதிவேடும் வைக்கப்பட்டு, மணமக்கள் கையொப்பமிட்டபின்னரே ஆசி வழங்கப்படும் வழக்கம் எல்லாக் கோயில்களிலும் நிலைபெறவேண்டும். இது ஏற்கெனவே பிரிந்து நிற்பவர்களுக்கு உதவாது. அவர்களுக்குச் சட்டத் திருத்தமே தீர்வு. ஆனால் இனி மணவறையில் அமரும் பெண்ணுக்கு, என்றோ ஒருநாள் அவள் பராமரிப்பு நீதிமன்றத்தின் வாயிலில் நிற்க நேரிட்டால், நான் மனைவி என்று கூறுவதற்கு அது ஒரு சான்றாக இருக்கும். 1913இல் சிறை சென்ற தமிழ்ப்பெண்கள் கேட்டதும் அதுவே.